மண்டபத்தோடு நின்ற பயணம்

1950களின் நடுவில், கொழும்பில் கடை வைத்திருந்த தம் தகப்பனாருடன் போட் மெயிலில் தனுஷ்கோடிவரை போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறிய சிறுவன் எங்கள் பெரியப்பா. பாம்பன் பாலத்தில் வண்டி நடைவேகத்தில் ஊர்ந்ததையும், இருபுறச் சன்னல்களிலும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாததையும் அவர் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். எழுபத்தைந்து வயதில், இன்னொரு முறை அந்தப் பாலத்தை ரயிலில் கடக்க வேண்டும் என்றார். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையை ஒட்டி, 2022 டிசம்பர் கடைசி வாரத்திற்கு ஏழு பேருக்கும் மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்தோம்.

டிசம்பர் 23 அன்று பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாலம் அது. கப்பல்களுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிளந்து உயரும் அதன் தூக்குப் பகுதியை நூறாண்டுக்கும் மேலான கடற்காற்று தின்றிருந்தது. எங்கள் வண்டி மண்டபத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்தபோது, போகலாமா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு கட்சி. "அதுவரைக்கும் போவோமே" என்றார் பெரியப்பா.

விடியுமுன் மழையில் இறங்கினோம். பெட்டிகளும் நனைந்த பிள்ளைகளுமாக நாங்கள் வண்டி தேடி அலைய, அவர் மட்டும் நிதானமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அந்தக் காலத்திலும் சனங்களை இங்கேதான் நிறுத்தி வைப்பார்கள்" என்றார். உண்மைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்காகத் தடுத்து வைத்த முகாம் மண்டபத்தில்தான் இருந்தது.

1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் வழியே தீவுக்குள் நுழைந்தோம். கீழே, பக்கவாட்டில், ரயில் பாலம் ஆளரவமின்றிக் கிடந்தது. பெரியப்பா கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

விடுதியில் கடல் தெரியும் என்று சொல்லப்பட்ட அறைகள் வேறு யாருக்கோ போயிருந்தன. எங்களுக்குக் கிடைத்தவற்றின் சன்னலில் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்த நாட்கள் அவை. கடல் கொந்தளிப்பதாகச் சொல்லித் தனுஷ்கோடி வழியில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் மழை விடவில்லை. காயாத துணிகளின் வாடையில் சீட்டாடினோம், சிறு காரணங்களுக்கெல்லாம் சண்டை போட்டோம்.

இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போனது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் வண்டி கடலோடு போனதும், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் எங்களுக்குத் தெரிந்தவையே. பெரியப்பா அன்று சொன்னது எங்களுக்குத் தெரியாதது. பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்த அவருடைய அப்பா எந்தக் கப்பலில் வருகிறார், கரையிறங்கி எந்த வண்டியில் ஏறியிருப்பார் என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லையாம். கொழும்பிலிருந்து இன்னும் புறப்படவே இல்லை என்று கடிதம் வர ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாளும் தபால்காரரை எதிர்கொள்ள வாசலுக்குப் போனவர் பதினேழு வயதுப் பெரியப்பாதான். "அம்மா கேட்பாள், நான் இல்லையென்று தலையாட்டுவேன். அதற்கப்புறம் அப்பாவை அந்த வழியில் கூட்டிப்போக வழியே இல்லாமல் போயிற்று" என்றார். அவ்வளவு காலமாக நாங்கள் வேடிக்கையாகக் கேட்டு வந்த ரயில் கதைக்கு இப்படியொரு பின்பாதி இருந்தது.

திரும்பும்போதும் மண்டபத்தில்தான் வண்டி ஏறினோம். செலவுக் கணக்கு பார்த்தவர்கள் வீண் பயணம் என்றார்கள். கணக்குப்படி அது சரியே.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இதன் தூக்குப் பகுதி பிளப்பதில்லை, முழுதாக மேலே எழும்புகிறது. ரயில்கள் மறுபடி தீவுவரை போகின்றன. பெரியப்பா அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். பிள்ளைகள் அந்த வண்டியில் போகக் கேட்கிறார்கள். மழைக்காலத்திலேயே போகலாம் என்றும் சொல்கிறார்கள்.