அக்காள் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பள்ளியும்

பெற்றோர்க்கு நேரும் கவலைகளுள் பிள்ளையை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது என்னும் கவலைக்கு ஒப்பானது வேறொன்றில்லை. சொந்த ஊரில் வாழ்வோர்க்கே இது பெருஞ்சிக்கலாயின், மூன்றாண்டுக்கொரு தேசம் மாறிப் பிழைப்போர் நிலையை என்னென்பது! அத்தகைய குடும்பமொன்றின் பொருட்டு நாம் சில நாள் அலைந்து அறிந்தவற்றைத் தோட்டத்துத் தோழர்கட்கும் நகரத்து நண்பர்கட்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. நமது அக்காளை மணந்தவர் புதுச்சேரி வழியினர். 1962ஆம் ஆண்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த காலை, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழர் சில ஆயிரவருள் அத்தானின் பாட்டனாரும் ஒருவர். அத்தானோ பாரிசிலே பிறந்து வளர்ந்து பொறியியல் கற்றவர். அவருடைய கம்பெனி மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அவரைக் கோலாலம்பூருக்கு அனுப்பிற்று. அதன்பின் எந்த நாடென்று அவரே அறியார். பெண்ணுக்கு வயது பத்து, பையனுக்கு ஆறு. "தம்பி, இங்கிலீஷ் படித்தவன் நீதான். கூட வந்து ஒரு வழி சொல்" என்றாள் அக்காள்.

நாம் சற்றும் யோசியாது, "தமிழ்ப் பள்ளியில் சேர். பாட்டியோடு பேசத் தெரியாத படிப்பு என்ன படிப்பு?" என்று கடிந்துவிட்டோம். அத்தான் சினவாது, "மச்சான், மூன்று வருஷத்தில் நாங்கள் போய்விட்டால், இங்கே தொடங்கிய மலாயும் தமிழும் பாதியில் நிற்கும். அடுத்த ஊரில் இவர்களை எந்த வகுப்பில் ஏற்றுக்கொள்வார்கள்?" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

நாம் கடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நமது தந்தையார் நம்மை ஜொகூர் பாருவினின்று பாலங்கடந்து சிங்கப்பூர்ப் பள்ளியொன்றுக்கு அனுப்பினார். விடியுமுன் எழுந்து, கையில் பாஸ்போர்ட்டோடு பஸ்ஸேறி, ஆங்கில வழியிற் பயின்றோம். உத்தியோகம் கிட்டிற்று; உண்மை. ஆனால் அப்பள்ளியில் தமிழ் வகுப்பில்லை. தந்தையார் மறைந்தபின் அவர் தமிழில் எழுதிவைத்திருந்த கணக்குப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கமாட்டாமல், அம்மாவைப் படிக்கச்சொல்லிக் கேட்டோம். அன்று தோன்றிய வெட்கமே இருபது வயதுக்குமேல் நம்மைத் தமிழ் கற்கவைத்தது. அவ்வெட்கம் அக்காள் பிள்ளைகட்கு வரலாகாது என்பதே நமது அச்சம்.

நிற்க. பிரெஞ்சுப் பள்ளிகளைப் பற்றி விசாரித்தோம். பிரான்சுக்கு வெளியே நூற்று முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 600 பள்ளிகள் அந்நாட்டுக் கல்வி அமைச்சின் அங்கீகாரம் பெற்று ஒரே பாடத்திட்டத்தை நடத்துகின்றன. அவற்றைக் கவனிக்க 1990இல் ஓர் அரசாங்க ஸ்தாபனம் அமைக்கப்பட்டது. இத்தகைய பள்ளியொன்றிற் படித்த பிள்ளை, வேறு நாட்டிலுள்ள மற்றொன்றில் நுழைவுப் பரீட்சையின்றி அடுத்த வகுப்பைத் தொடரலாம். அத்தானின் கேள்விக்கு இதுவே விடையாயிற்று.

வகுப்புக் கணக்கு நமக்கு வேடிக்கையாயிருந்தது. மூன்று வயதில் மழலைப் பள்ளி, அது மூன்றாண்டு. பின் ஐந்தாண்டு தொடக்கப்பள்ளி. பதினோரு வயதில் 'ஆறாவது' வகுப்பில் நுழையும் பிள்ளை, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி, 'இறுதி' வகுப்பில் நிற்கும். நாம் படியேறுவோம், அவர்கள் படியிறங்குவர், சேருமிடம் ஒன்றே. முடிவில் 1808இல் நெப்போலியன் காலத்தே ஏற்பட்ட பக்கலோரியா பரீட்சை. அதில் தத்துவமும் ஒரு பாடம். பதினேழு வயதுப் பிள்ளையை நான்கு மணி நேரம் உட்காரவைத்துச் சிந்தித்து எழுதச் சொல்கின்றனர். மனப்பாடம் செய்தே தேறிய நமக்கு இது பொறாமையை ஊட்டிற்று.

பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளினின்று மதபோதனையை விலக்கிற்று. அரசையும் சமயத்தையும் பிரித்த சட்டம் 1905இல் வந்தது. பகுத்தறிவை விரும்புவோர் இதனைப் பாராட்டாதிரார்.

கோலாலம்பூரிலுள்ள பிரெஞ்சுப் பள்ளி ஹென்றி ஃபொக்கோனியே என்பவர் பெயரைத் தாங்கியது. யார் அவர்? அதே 1905இல் மலாயாவுக்கு வந்த தோட்டத் துரை! 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக முதன்முதல் நட்டவர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் கொங்கூர் பரிசு பெற்றது. நாம் நாள்தோறும் எழுதும் செக்ரோலுக்கும் அக்கன்றுகட்கும் உறவுண்டு. அக்காலத்தே காடழித்த தமிழர் பிள்ளைகட்கு லயத்தருகே ஒரு கொட்டகைப் பள்ளி கிட்டுவதே அரிது. இன்று துரையின் பெயர் தாங்கிய பள்ளியில் தமிழச்சி பெற்ற பிள்ளைகள் இடங்கேட்டு நிற்கின்றனர். காலம் இவ்வளவேனும் மாறிற்றே என்று மகிழ்ந்தோம்.

ஆனால் முழுதும் மாறவில்லை. கட்டணப் பட்டியலைக் கண்டபோது நமது சம்பளச் சீட்டு நாணித் தலைகுனிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள பிள்ளைகட்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தூதரகத்தின் வழியாக உதவித்தொகை கிடைக்கக்கூடும். நமது மகளுக்கு அவ்வழியில்லை. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளை ஒரு கடவுச்சீட்டு இரு வகுப்பாக்கிவிடுகிறது. இதனைச் சொல்லாது விடுவது நேர்மையன்று.

இத்தகைய பள்ளியை நாடும் பெற்றோர்க்கு நாம் கூறுவன சில. எத்தனையாண்டு தங்குவோம், அடுத்து எங்கே செல்வோம் என்று முதலில் எண்ணுக. அங்கீகாரம் வகுப்புவாரியாக வழங்கப்படுவதால், பிள்ளை படிக்கும் வகுப்புக்கு அது உண்டா என்று கேட்டறிக. சேர்க்கைப் பணம், பஸ், பகலுணவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க. கம்பெனி எவ்வளவு கொடுக்கும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எழுத்தில் வாங்குக. ஓரூரிலே நிலைத்து வாழ்வோர், அவ்வூர்ப் பள்ளியை விட்டு இதனை நாடப் பெருங்காரணம் வேண்டும்.

முடிவில் நாமே, "பிரெஞ்சுப் பள்ளியிலேயே சேருங்கள்" என்றோம். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தோம்: பள்ளி விடுமுறைதோறும் பிள்ளைகள் தோட்டத்துக்கு வரவேண்டும், வீட்டில் அக்காள் தமிழன்றிப் பேசலாகாது. அத்தான் சிரித்து, "எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், மச்சான்" என்றார்.

முதல் விடுமுறையில் இருவரும் வந்தனர். நமது மகள் தன் தமிழ்ப் பாடநூலை விரித்து மாமன் மகளாய் அல்ல, வாத்தியாரம்மாவாய் அமர்ந்தாள். பையன் 'பாட்டி' என்று எழுதி, ஒற்றெழுத்தின் புள்ளியை மறந்தான். அம்மா அத்தாளை வாங்கிப் பார்த்து, தானே புள்ளியை வைத்து, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். பள்ளியை நாம் தேர்ந்தெடுத்தோம். அப்புள்ளியை வைப்பது மட்டும் எப்பள்ளியின் வேலையுமன்று, நம் வீட்டு வேலையே என்பதை அன்று உணர்ந்தோம்.