புள்ளியும் கதவும்

1948-ஆம் ஆண்டு வெளிவந்த விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' திரைப்படத்தை இலக்கிய நண்பர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. போருக்குப் பிந்தைய ரோம் நகரம். நெடுநாள் வேலையற்றிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்கு மிதிவண்டி கட்டாயம். அடகில் கிடக்கும் வண்டியை மீட்பதற்காக மனைவி மரியா வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். வேலைக்குச் சென்ற முதல் நாளே வண்டி களவு போகிறது. சிறுவன் புரூனோவை உடன் அழைத்துக்கொண்டு தந்தை நகரெங்கும் அலையும் அலைச்சலே எஞ்சிய படம்.

இப்படத்தைப் பற்றி வகுப்பில் பேசியபோது மாணவர் ஒருவர் எழுந்து, "சார், சீட்டுக்கு அடியில் ஒரு டிராக்கர் இருந்திருந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்குமே?" என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை எளிதில் விடவில்லை. இன்று மிதிவண்டியின் இருக்கைக்கு அடியிலும், தண்ணீர்ப்புட்டி தாங்கிக்குக் கீழும், பின்புறச் சிவப்பு விளக்கினுள்ளும் ஒளித்துவைக்கத்தக்க கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. தேடல் என்பதே இனி இல்லையா?

இக்கருவிகள் இருவகைப்படும். முதல் வகை செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைத் தானே கணித்துக்கொள்வது. ஜிபிஎஸ் என்னும் இந்த ஏற்பாடு அமெரிக்க ராணுவத்தினுடையது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்ட பிறகே தெருவளவு துல்லியம் எல்லோருக்கும் வாய்த்தது. ஆனால் ஜிபிஎஸ் கேட்க மட்டுமே வல்லது, பேச வல்லதன்று. கண்டறிந்த இடத்தை உரியவருக்குச் சொல்ல அதற்கு ஒரு சிம் அட்டையும் அடிக்கடி மின்னேற்றமும் வேண்டும். இரண்டாம் வகை, 2021-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஏர்டேக் போன்றது. அதனுள் ஜிபிஎஸ் கிடையாது. புளூடூத்தில் மெல்லிய குரலில் அது தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும். அருகே கடந்துபோகும் யாரோ ஒருவரின் கைபேசி அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தையே அதன் இருப்பிடமாக உரியவருக்குச் சேர்ப்பிக்கும். அந்த வழிப்போக்கருக்குத் தாம் தூது போனதே தெரியாது. ஒரு பொத்தான் மின்கலத்தில் ஓராண்டுக் காலம் இது நடக்கும்.

நம் நண்பர் ஒருவரின் மகன் இத்தகைய கருவியொன்றைத் தன் கியர் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் பொருத்தியிருந்தான். சென்னைப் புறநகரில் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்திய வண்டி ஒருநாள் மாலை காணாமற்போனது. ஆனால் கைபேசி வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு தெரு. நாமும் உடன் சென்றோம். புள்ளி விழுந்த இடத்தில் மூன்று அடுக்குமாடிக் கட்டிடங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு மாடிகள். புள்ளிக்கு மாடி தெரியாது. காவல் நிலையத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "இதில் எந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்றீங்க சார்?" நம்மிடம் பதில் இல்லை. மூன்றாம் நாள் புள்ளி தெருமுனைக்கு நகர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது கைபேசியின் கட்டளைக்கு இணங்கி மழைநீர்க் கால்வாயின் ஓரத்திலிருந்து கருவி கீச்சிட்டது. கருவி கிடைத்துவிட்டது, வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தோனியோவின் துயரமும் இதுவே அன்றோ? அவனும் திருடனைக் கண்டுபிடித்துவிடுகிறான். திருடனின் தெருவரை, ஏன், வீட்டினுள்ளேயே சென்றுவிடுகிறான். காவலர் வந்து அறையைச் சோதிக்கிறார், வண்டி இல்லை, சாட்சியும் இல்லை. 'எங்கே' என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரும் மனிதன் கதவுக்கு வெளியேதான் நிற்கிறான். அதே படத்தில் சந்தைக் காட்சி ஒன்றும் உண்டு. ஒருவர் வண்டிச் சட்டத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். அது தன்னுடையதே என அந்தோனியோவுக்குச் சந்தேகம். காவலரை அழைத்து எண்ணைப் பார்த்தால் அது வேறு வண்டி. புள்ளியும் ஒருவகைச் சந்தேகமே. துல்லியமான சந்தேகம், அவ்வளவே. அது ஓர் இடத்தைக் காட்டும், குற்றத்தைக் காட்டாது. கதவுக்குப் பின்னால் இருப்பவர் திருடனாக இருக்கலாம். பழைய வண்டி என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கிய ஏழைத் தந்தையாகவும் இருக்கலாம்.

கால்வாயில் கிடந்த கருவியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருடியவனுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் அக்கருவியே. இத்தகைய கருவிகளைப் பெண்களின் கைப்பையிலும் காரிலும் ரகசியமாகப் போட்டுப் பின்தொடரும் கொடுமைகள் வெளிச்சத்துக்கு வந்ததன் விளைவாக, 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் ஒரு பொது ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தின. பிறருடைய கருவி ஒருவருடன் தொடர்ந்து பயணித்தால், எந்த நிறுவனத்தின் கைபேசியாயினும், அது எச்சரிக்கும். உரியவரைப் பிரிந்து நெடுநேரம் இருக்கும் ஏர்டேக், அசைக்கப்படும்போது ஒலியெழுப்பவும் செய்யும். வண்டியைப் பறிகொடுத்தவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். நண்பரின் மகனும் குமுறினான். ஆனால் கருவி என்ன செய்யும்? திருடனைத் தேடும் உரிமையாளரையும், பெண்ணைத் துரத்தும் வன்மனத்தானையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. இரண்டும் அதற்கு ஒரே நகர்வு. பொருளா, மனிதரா என்ற கேள்வி எழுந்தபோது மனிதரின் பக்கம் தீர்ப்பாகியிருக்கிறது. ஒரு மிதிவண்டியை இழந்தேனும் இத்தீர்ப்பை நாம் ஏற்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் கனடாவின் டொரண்டோ நகரில் நடந்தது. 2008 ஜூலையில் பழைய மிதிவண்டிக் கடைக்காரர் ஒருவரைக் காவல்துறை கைது செய்து, வாடகைக் கிடங்குகளில் அவர் குவித்து வைத்திருந்த ஏறத்தாழ 3,000 வண்டிகளைக் கைப்பற்றியது. வண்டிகள் எங்கே என்பது தெரிந்துவிட்டது. யாருடையவை என்பதுதான் தெரியவில்லை. பறிகொடுத்தவர்கள் திரண்டு வந்து தேடியும் பெரும்பாலானவற்றுக்கு உரியவர் கிடைக்கவில்லை. பெடல் அச்சுக்கு அடியில், வண்டியின் சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணைக் குறித்து வைத்திருப்போர் மிகச் சிலரே. நம் தந்தையர் காலத்தில் உள்ளாட்சி அமைப்புக்கு வரி கட்டி, வண்டியில் தகர வில்லை மாட்டிக்கொண்டார்கள். அந்த வில்லைக்கு மின்கலம் தேவைப்படவில்லை; 'இது இன்னாருடையது' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நண்பரின் வீட்டில் கடை ரசீது பத்திரமாக இருந்தது. அதில் சட்ட எண் இல்லை.

டொரண்டோ கடைக்காரரைப் பிடிக்கக் காவல்துறை பயன்படுத்தியது தூண்டில் வண்டி. அமெரிக்காவிலும் இம்முறை பரவியது. 2010-களில் சான் பிரான்சிஸ்கோ காவல்துறை ஜிபிஎஸ் ஒளித்த வண்டிகளைத் தெருவில் நிறுத்தி வைத்தது. கலிபோர்னியச் சட்டப்படி திருட்டு பெருங்குற்றமாக வேண்டுமெனில் பொருளின் மதிப்பு 950 டாலருக்கு மேற்பட வேண்டும். ஆகவே தூண்டிலுக்கு விலையுயர்ந்த வண்டிகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. தொழில்முறைத் திருடர்களை மடக்க இது பயன்பட்டிருக்கலாம். எனினும் நம் மனம் படத்தின் இறுதிக்கே செல்கிறது. எல்லா வழிகளும் அடைபட்ட அந்தோனியோ, சுவரோரம் தனியே நிற்கும் ஒரு மிதிவண்டியைப் பார்க்கிறான். எடுத்து ஓட்டுகிறான், பிடிபடுகிறான். அழுதுகொண்டு நிற்கும் புரூனோவைப் பார்த்த வண்டிக்காரர் புகார் வேண்டாமென்று விட்டுவிடுகிறார்.

அங்கே தூண்டில் வண்டி நின்றிருந்தால் அதில் சிக்கியிருப்பவன் அந்தோனியோ. அவனுடைய வண்டியைக் கொண்டுபோனவன் அல்லன். தூண்டில் வண்டிக்கு, பையனின் முகத்தைப் பார்த்து மனம் இளகும் சொந்தக்காரர் எவரும் இல்லை. கருவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வண்டியை இழந்தவனின் வயிற்றெரிச்சலை அருகிருந்து பார்த்தவர்கள் நாம். எண்ணைக் குறித்து வையுங்கள், கருவியையும் பொருத்துங்கள். ஆனால் புள்ளி காட்டும் கதவு திறக்கும்போது, அங்கே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் நாமேதான். அவ்வேலையை எந்தச் செயற்கைக்கோளும் நமக்காகச் செய்யாது.