கருகிய அலகு

மீன்காரம்மாவின் அருவாமணையில் பலகை புதிது, அலகு பழசு. பலகையில் செருகிய இடத்துக்குச் சற்று மேலே, விரற்கடை அகலத்துக்கு நீலம் பாரித்த கறுப்பு. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்பார். சங்கராவின் செதிளைச் சீவும்போது அந்தக் கறுப்பு மேலும் கீழும் ஆடும். 2017 ஜனவரி 23 அன்று சென்னை மெரினாவை அடுத்த நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தபோது இந்த அருவாமணை அதற்குள் கிடந்தது.

ஜனவரி 23 என்றால் பலருக்கும் சட்டமன்றத்தில் ஜல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறிய நாள். எனக்கு இந்த அலகு.

என் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்த மாதம் 17ஆம் தேதி ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சில நூறு பேராகக் கூடியவர்களில் அவளும் ஒருத்தி. ராத்திரி தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. பிள்ளைகள் செல்போன் டார்ச்சை உயர்த்திப் பிடித்தார்கள். மறுநாளிலிருந்து கடற்கரை கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் கூட்டம் தானே பிளந்து வழிவிட்டது. சாயங்காலமானால் குப்பை பொறுக்கினார்கள். வங்கி வரிசையிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சு: "ஒரு பஸ் கண்ணாடிகூட உடையலை பாருங்க." நானும் மார்தட்டிக்கொண்டேன்.

ஆனால் அத்தனை பெண் பிள்ளைகள் ராப்பகலாக மணலில் உட்கார்ந்திருந்தார்களே, எங்கே போய் வந்தார்கள்? என் மகள் இந்த மீன்காரம்மா வீட்டுக்குத்தான் போனாள். பத்துக்குப் பத்து அறை, பின்னால் சாக்கு மறைப்பு. தயங்கி நின்றவளை, "இதுல இன்னா கண்ணு வெக்கம், உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாராம். எந்தத் தொலைக்காட்சியிலும் இது வரவில்லை. குப்பம் இல்லாவிட்டால் அந்த அறப்போராட்டம் இரண்டு நாள் தாங்கியிருக்காது.

23ஆம் தேதி விடியற்காலையில் போலீஸ் கலைக்க வந்தது. பிள்ளைகள் தேசிய கீதம் பாடினார்கள். பிறகு அலையோரத்துக்கு ஓடினார்கள். தரை வழி அடைபட்டதும் மீனவர்கள் படகில் சோறும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். மத்தியானத்துக்குள் ஐஸ் அவுஸ் காவல் நிலையத்தில் புகை. வண்டிகள் எரிந்தன. கோயம்புத்தூரிலிருந்து மச்சான் போன் செய்தான். "நம்ம பசங்க இல்லடா, சமூக விரோதிங்க உள்ள பூந்துட்டாங்க" என்றேன். காலையிலிருந்து டிவியில் கேட்ட வாசகம். என் வாயில் அப்படியே வந்தது.

கட்டிலில் படுத்திருந்த அப்பா கேட்டார்: "எந்தத் தெரு ஆளுங்கடா அவங்க?"

பதில் இல்லை என்னிடம். அப்பா 1965இல் மதுரையில் மாணவர். ஜனவரி 25 இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனவர். "எங்களைக் காலிகள்னாங்க. பெரிய மனுஷங்க எல்லாரும் அதையேதான் திருப்பிச் சொன்னாங்க" என்பார். இரண்டே வருஷத்தில் அந்தக் காலிகளில் ஒருவரான மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தார். இன்று ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாள். கட்சிகள் வரிசையில் நின்று மாலை போடுகின்றன. அதே போராட்டத்தில்தான் திருப்பூரில் போலீஸ்காரர்கள் இருவர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். தீ வைத்தவன் தீ வைத்தவன்தான். அவனுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, கண்டுபிடித்துத் தண்டிக்கட்டும். "சமூக விரோதி" என்பதில் பெயரும் இல்லை, முகமும் இல்லை. அதனால்தான் அதை ஒரு தெரு முழுவதன்மீதும் எறிய முடிகிறது.

மெரினாவுக்கு மறு வருஷம் தூத்துக்குடி. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. அன்றும் அடுத்தடுத்த நாள்களிலுமாகப் 13 பேர் உயிரிழந்தார்கள். அடக்கம் முடிவதற்குள் அதே சொல் வந்துவிட்டது. ரஜினிகாந்தும் அதையே சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தபோது 2022 அக்டோபர். ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது அது. சொல் பரவ ஒரு நாள் போதுமாயிருந்தது. அதைத் திருத்த நாலு வருஷம் ஆயிற்று.

மெரினாவுக்கே வருகிறேன். காக்கி உடையில் இருந்தவர்கள் தீ வைப்பதாகக் காணொளிகள் பரவின. சித்திரிக்கப்பட்டவை என்றது காவல்துறை. சட்டமன்றத்தில் அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், பின்லேடன் படம் ஒட்டிய வண்டியின் புகைப்படத்தைக் காட்டி, கூட்டத்தில் தேச விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். அந்த வாரக் கடைசியில் நான் மார்க்கெட்டுக்குப் போனேன். ஓலை இல்லை, கழி இல்லை. ஈரச் சாம்பலும் கருவாட்டு நாற்றமும். சப்பிப்போன அன்னக்கூடைகள். தராசுத் தட்டு ஒன்று உருகிக் காது மடிந்து கிடந்தது. மீன்காரம்மா குந்தி உட்கார்ந்து சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். அலகு கிடைத்ததும் முந்தானையில் துடைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்டது:

"பாப்பா பத்திரமா வந்து சேந்துச்சா தம்பி?"

அன்று மகளைக் குப்பத்துச் சந்து வழியாக வீட்டுப் பக்கம் கொண்டுவந்து விட்டதே அவர் மகன்தான். நான் மச்சானிடம் போனில் அந்த வார்த்தையைச் சொன்ன நேரத்தில், அவர்கள் இருவரும் அந்தச் சந்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வாரம் தவறாமல் அந்த அம்மாவிடம்தான் மீன் வாங்குகிறேன். அன்று நான் சொன்னதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னது தப்பு. மச்சானிடம் சொல்லித் திருத்திவிட்டேன். அவரிடம்தான் பாக்கி இருக்கிறது.