ஹவுளுக் கரையில் ஓர் ஐயம்

நம் பள்ளிவாசல்களின் ஹவுளுக் கரையில் இத்தகைய ஒருவரைக் காணாதவர் இரார். ஜமாஅத் நின்றுவிடும், இமாம் ருகூவுக்குச் சென்றுவிடுவார், அவர் மட்டும் முழங்கையைத் தேய்த்தவண்ணமே இருப்பார். மூன்று முறை கழுவியாயிற்று, பதின்மூன்று முறையும் கழுவியாயிற்று; நீர் பட்டதா என்னும் ஐயம் தீர்ந்தபாடில்லை. ஒருவாறு ஸஃப்பில் வந்து நின்றாலும் நிய்யத் சரியாக அமைந்ததா என்று கையை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாகத் தவிப்பார். 'வஸ்வாஸ்காரர்' என்று சிலர் சிரிப்பர். சிலரோ மிகுந்த பேணுதல் உடையவர் என்று மெச்சுவர். மெச்சுதல் சிரிப்பைவிடத் தீங்கானது என்பதே நம் கருத்து.

இது பேணுதலன்று, நோய். எண்ணச் சுழற்சி நோய் என்று இதனைத் தமிழில் வழங்குகின்றனர். நூற்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வாழ்நாளில் இது வரக்கூடும். பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டும். தொழாதவரையும் இது விடுவதில்லை. பூட்டிய கதவை மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்ப்பவரும், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புபவரும் இதே நோயினராக இருக்கலாம். ஐயம் எழுகிறது, அச்சம் மூள்கிறது, கழுவியதும் சற்றே ஆறுதல். ஆறுதல் கண்ட மனம் அடுத்த முறை இன்னும் உரத்துக் கேட்கிறது. கழுவுதலே ஐயத்துக்குத் தீனியாகிவிடுகிறது.

இதனை மேலைநாட்டார் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அந்நூலில் வஸ்வாஸுக்கும் இடமளித்து, அதற்கான சிகிச்சையையும் கூறியுள்ளார். ஃபிக்ஹு அறிஞர்களும் உறுதியானது ஐயத்தால் நீங்காது என்று விதி வகுத்தனர். மூன்று முறைக்கு மேல் கழுவுவதை மக்ரூஹ் என்றனர். ஆயினும் நோயாளி இந்தச் சட்டத்தை அறியாதவரல்லர். நம்மைவிட நன்கு அறிந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். அறிவுக்கும் அச்சத்துக்கும் நடுவே அவர் நசுங்குகிறார்.

நம் ராத்தாவின் மகனுக்குப் பத்தொன்பதாம் வயதில் இது கண்டது. மாடித் தொட்டி நீர் சுபுஹுக்கே வற்றிவிடும். விரலிடுக்குகள் வெடித்து உதிரம் கசியும். "கழுவிட்டே வாப்பா, உம்மா பார்த்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்" என்று குளியலறை வாசலில் நின்று ராத்தா சாட்சி சொல்வார். முதலில் ஒரு தடவை சொன்னால் போதுமானதாயிருந்தது. பிறகு இருபது தடவையும் போதவில்லை. தாயத்துக் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஓதிப் பார்த்த ஹஸ்ரத்தே, "துஆ நான் செய்கிறேன், நீங்கள் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்" என்றார். அவர் நல்லவர், எல்லா ஊருக்கும் அப்படியொருவர் வாய்ப்பதில்லை.

மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார், பயிற்சியும் கொடுத்தார். மாத்திரை முழுப் பயனைக் காட்ட இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம் என்றும், தாமாக நிறுத்தலாகாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பயிற்சிதான் கடினம். ஐயம் எழும், அச்சமும் வரும், ஆனால் மீண்டும் கழுவக் கூடாது. அச்சம் தானே தணியும்வரை பொறுத்திருக்க வேண்டும். 1966இல் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் இம்முறையில் இருவரைக் குணப்படுத்திய செய்தியை வெளியிட்டார். அது முதல் இது வளர்ந்து வந்துள்ளது. ராத்தாவுக்கும் மருத்துவர் ஒரு கட்டளை இட்டார்: இனி சாட்சி சொல்லக் கூடாது. பிள்ளை அழுதுகொண்டு கேட்கும்போது வாய்மூடி நிற்பது எந்தத் தாய்க்கு எளிது? முதல் வாரம் அவரும் அடுப்படியில் அழுதார்.

அருகில் மனநல மருத்துவர் இல்லாதவர்கள் 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

பிள்ளைக்கு நோய் அடியோடு அகலவில்லை. தேர்வுக் காலங்களில் திரும்பி எட்டிப் பார்க்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்ததாக ஹதீஸில் வருகிறது. அது ஒரு லிட்டருக்கும் குறைவு. அவ்வளவே கொள்ளும் செம்பு ஒன்றை அவனே கடைவீதியில் தேடி வாங்கி வந்தான். செம்பு காலியானால் ஒளு முடிந்தது. சில நாள் அதை வைத்துவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவான்.