சும்மா போக ஒரு பரிசல்

காவேரிக்கரையில் பிறந்தும் எங்க சேரிச் சனத்துக்கு ஆறு என்றால் வேலைதான். மணல் அள்ளணும், அக்கரைக்குக் களையெடுக்கப் போகணும். ஊர்க்காரர் துறைக்குக் கீழேதான் நம்ம துறை.

போன வருசம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் பரிசல் வாங்கக் கிளம்பினேன். ஃபைபர் பரிசல் ரொம்ப நாள் உழைக்கும், விலைதான் கட்டாது. மூங்கில் பரிசல் மலிவு. பாறையில் இடித்தால் வளைந்து கொடுக்கும். முழங்கால் தண்ணியிலும் மிதக்கும். ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். ஒழுகினால் தார் பூசிக்கொள்ளலாம். அதையே எடுத்தேன். மிச்சக் காசில் லைஃப் ஜாக்கெட் இரண்டு.

இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்துகிறார்கள். முன்பு மாட்டுத்தோல். தோல் உரித்தவனுக்குத் தீட்டு. அந்தத் தோலில் உட்கார்ந்து ஆறு கடந்தவனுக்குத் தீட்டில்லை!

"மீன் புடிக்கவாடா?" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"இல்லைங்க, சும்மா போகத்தான்."

அந்தச் 'சும்மா'தான் அவருக்குச் செரிக்கவில்லை. நாம் உழைத்தால் பொறுத்துக்கொள்வார்கள், உல்லாசமாய் இருந்தால் பொறுக்காது. 1927இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டுமல்ல. தண்ணீரில் நமக்குள்ள உரிமை குடிப்பதற்கு மட்டுமா? மிதப்பதற்கும்தான்.

மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறக்காத ஞாயிறுகளில் அம்மாவை உட்காரவைத்துத் துடுப்புப் போடுகிறேன். கூலிக்குப் பலமுறை கடந்த ஆற்றை அம்மா இப்போதுதான் நின்று பார்க்கிறாள்.