எந்தத் தறி தின்கிறது?

சோமனூர்ப் பக்கம் என் மாமா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். பாவும் ஊடு நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நெய்து கொடுத்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. அந்த வரவு செலவை எழுதி வைப்பது என் பொறுப்பு. ஜிஎஸ்டி, ஆடிட்டர் என்று போனால் கோவையில் டேலி மென்பொருள்தான் ராஜா. மாமாவுக்கு அவ்வளவு தேவையில்லை. சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, ஹெச்லெட்ஜரில் படித்துச் சொல்கிறேன். ஜான் வீக்லியின் லெட்ஜர் 2003-ல் வந்தது. அந்த வழியில் சைமன் மைக்கேல் 2007-ல் தொடங்கிய இலவச மென்பொருள்தான் ஹெச்லெட்ஜர். கணக்குத் தலைப்புகளைத் தமிழிலேயே வைக்கலாம். ஒரு முறை சொல்லிவிட்டால் லட்சம், கோடிக்கேற்பக் காற்புள்ளி போட்டுக் காட்டும்.

பேலன்ஸ், ரெஜிஸ்டர் என்ற இரண்டு கட்டளைகளோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ருசியெல்லாம் அவற்றின் பின்னால் இரட்டைக்கோடு போட்டுச் சேர்க்கும் சொற்களில் இருக்கிறது.

"மாப்ளே, எந்தத் தறி நம்ம காசைத் திங்குதுன்னு பாத்துச் சொல்லு" என்றார் மாமா. நாடாவோ பெல்ட்டோ வாங்கினால், உதிரிச் செலவு வரியின் ஓரத்தில் அரைப்புள்ளி வைத்து, 'தறி:4' என்று குறித்திருந்தேன். பிவட் என்ற விருப்பத்தோடு 'தறி' என்று கொடுத்ததும், தலைப்புவாரியாக நின்ற தொகைகள் தறிவாரியாக இடம் மாறி நின்றன. நாலாம் நம்பர்தான் முதலிடம். "நெனச்சனுங்க மாமா" என்றேன், அவர் சிரிக்கவில்லை.

ரிலேட்டட் என்று போட்டால், வங்கிக் கணக்கைக் கேட்டாலும் எதிர்ப்பக்கத்தைக் காட்டும். பணம் யாரிடமிருந்து வந்தது, எதற்குப் போனது என்பது தெரியும். ஃபோர்காஸ்ட் வரப்போவதைச் சொல்லும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1000 ஆனது. அதற்கு மேல் ஓடினால் வரும் பில்லை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என அலைக்கோடு போட்டு ஒரே பதிவாக எழுதிவிடலாம். கேட்கும்போது மட்டும் அடுத்த ஆறு மாதத்துச் செலவாக விரியும். கோப்பில் எதுவும் ஏறாது. எண்ட் என்ற முடிவுத் தேதியில் கவனம் வேண்டும். கொடுக்கும் நாள் கணக்கில் சேராது. நிதியாண்டை முழுதாகப் பார்க்க ஏப்ரல் 1 என்றே கொடுக்க வேண்டும். மார்ச் 31 என்றால் அன்றைய கூலி விட்டுப்போகும்.

இவை எதுவும் எழுதியதை மாற்றுவதில்லை, கேள்விதான் மாறுகிறது. ஆனால் பின்னால் கேட்கப்போவதை முன்னாலேயே யோசித்து எழுதியிருக்க வேண்டும். தறி எண் இல்லாத செலவெல்லாம் பிவட்டில் பெயரில்லாத ஒரு வரியில் போய் அடைந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது.

இப்போது மாமா வேறொன்று கேட்கிறார்: எந்த ஜவுளிக்காரர் கூலியை இழுத்தடிக்கிறார்? பழைய வரிகளில் அதற்குப் பதில் இல்லை. துணி கொடுத்த தேதியையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன்.