காதோடு ஒரு விலை

கெடா, பினாங்கு எல்லையில் ஓடும் மூடா ஆற்றில் கொடுவா மீன் இழுத்த இழுப்புக்கு, அப்பா செய்துவைத்துப் போன தூண்டில் கம்பில் ரீல் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டது. தங்கூசி அறுந்தது. மீன் போனால் போகட்டும், அப்பாவின் கம்பாயிற்றே! கெப்பாலா பத்தாஸில் இருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன்.

ரீலைப் பொருத்தும் குழாய்தான் ‘ரீல் சீட்’. அதன் துளை கம்பைவிடப் பெரியது. இடைவெளியை நிரப்ப அப்பா முழு நீளத்துக்கும் காகித டேப்பைச் சுற்றியிருந்தார்.

“பசை டேப்பைத்தான் பிடிச்சிருக்கு, கம்பைப் பிடிக்கல. மச்சான் எதிலும் அவசரம்தான்” என்றார் மாமா.

பழைய சீட்டைக் கீறி எடுத்தார். கம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். டேப்பை மூன்று வளையங்களாக மட்டும், நடுவே விரலகலம் விட்டுச் சுற்றினார். அந்தப் பள்ளங்களில் எபோக்சியை நிறையப் பூசி, புதுச் சீட்டைத் திருகித் திருகி ஏற்றினார். வளையங்களின் ஓரத்தையும் பசையால் மூடினார். தண்ணீர் புகுந்தால் டேப் ஊறிவிடுமாம். பிறகு ரீலை மாட்டி, நுனிவரை உள்ள வளையங்களோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இறுகிவிட்டால் திருப்ப முடியாது.

“கொஞ்ச நேரம் வாய மூடுடா.”

வானொலியில் பேசிப் பிழைப்பவனுக்கு அது பெரிய தண்டனை.

பசை காயட்டும் என்று மறுநாள் குவாலா மூடாவின் ‘பாசார் பிசிக்’ போனோம். ஏலக்காரரின் காதில் விலையை முணுமுணுத்து மீன் வாங்கும் சந்தை அது. கூடையில் ஒரு பெரிய கொடுவா.

மாமா என் காதில் சொன்னார்: “உன்னுது இதைவிடச் சின்னதாத்தான் இருந்திருக்கும்.”